லோயர் ஸ்லாட்டரா, ஈடேலா, மாலமா? இங்கிலாந்தில் ஒரு கிராமம் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஏப்ரல் பிறந்தால் என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான். அப்பா அம்மா ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார்கள், லண்டன் சுற்றிக் காட்டியாச்சு, இனி ‘ஒரு நல்ல இங்கிலீஷ் கிராமம்’ காட்ட வேண்டும், எங்கே போகலாம்? கேட்கிறவர் கையோடு இரண்டு மூன்று படங்களும் அனுப்புவார். தேன் நிறக் கல் வீடு, வாசலில் ரோஜா, முன்னால் ஓடை, ஓடையில் வாத்து.

படத்தில் எல்லா ஊரும் அழகுதான். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பது மட்டும் படத்தில் தெரியாது.

நான் லீட்ஸில் இருக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து அப்பா அம்மா இரண்டு முறை வந்து போயிருக்கிறார்கள். அவர்களோடும், தனியாகவும், சிறு பிள்ளைகள் உள்ள நண்பர் குடும்பங்களோடும் போய் வந்த மூன்று இடங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். காட்ஸ்வோல்ட்ஸ் என்ற குன்றுப் பகுதியில் போர்ட்டன் ஆன் த வாட்டரும் அதை ஒட்டிய லோயர் ஸ்லாட்டரும். பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப் பகுதியில் ஈடேல். யார்க்ஷயர் டேல்ஸ் பள்ளத்தாக்குப் பகுதியில் மாலம். லேக் டிஸ்ட்ரிக்டை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அதில் எந்த ஊர் என்பதே தனிப் பஞ்சாயத்து.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல் முழங்கால். கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய முழங்கால். இங்கிலாந்துக் கிராமத்தைப் பார்ப்பது என்றால் தெருவைப் பார்ப்பது அல்ல, தெரு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஊரைச் சுற்றி வயல் வழியாகப் போகும் நடைபாதைகளில்தான் விஷயம் இருக்கிறது. அந்தப் பாதைகளில் சுவர் குறுக்கிடும் இடத்தில் ஸ்டைல் என்று ஒன்று இருக்கும். சில ஊர்களில் அது மரப்படி. வடக்கே போகப் போக, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நாலு கல். ஏறி, மேலே நின்று, காலை மாற்றி, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். முழங்கால் தேய்ந்தவருக்கு ஒரு கிலோமீட்டர் நடை பிரச்சினையில்லை, இந்த நாலு கல்தான் பிரச்சினை.

இரண்டாவது, கார் இருக்கிறதா இல்லையா. மூன்றாவது, மழை பெய்தால் என்ன செய்வீர்கள். ‘பெய்தால்’ என்று எழுதுவதே ஒரு மரியாதைக்குத்தான். நான்காவது சாப்பாடு, குறிப்பாக சைவம், அதிலும் முட்டை சேர்க்காத சைவம்.

ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்: மாலை ஐந்து மணிக்கு மேல் அந்த ஊர் எப்படி இருக்கும்? பகல் பதினொன்று முதல் நான்கு வரை இந்த ஊர்களெல்லாம் சந்தைக்கடை. ஐந்து மணிக்கு வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் உள்ளூர்க்காரர் நாயைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவார், ஆடு கத்துவது கேட்கும். ஜூனில் வடக்கே ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும். அந்த நாலரை மணி நேரத்துக்குத்தான் ஒரு ராத்திரி தங்கச் சொல்கிறேன். (டிசம்பரில் நாலு மணிக்குள் இருட்டிவிடும். அப்போது இந்தக் கணக்கு செல்லாது.)

## லோயர் ஸ்லாட்டர், போர்ட்டன் ஆன் த வாட்டர்

நீங்கள் அனுப்பும் படங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தவைதான். மண்ணுக்கடியில் இருக்கும் மஞ்சள் சுண்ணாம்புக் கல்லாலேயே வீடு, கூரை, சுவர் எல்லாம். இடைக்காலத்தில் ஆட்டு ரோமம் விற்ற காசில் செழித்த ஊர்கள்.

போர்ட்டன் கிராமம் என்று சொல்லிக்கொள்ளும் சிறு நகரம். வின்ட்ரஷ் ஆறு நடுத்தெருவில் கணுக்கால் ஆழத்தில் ஓடுகிறது, மேலே தாழ்வான கல் பாலங்கள். அந்த ஆற்றுக்குள்ளேயே கோல்போஸ்ட் நட்டு கால்பந்து ஆடுவது இந்த ஊரின் நெடுநாள் வழக்கம். 1937இல் திறந்த ஒரு மாதிரிக் கிராமம் இருக்கிறது. இதே ஊரை ஒன்பதில் ஒரு பங்கு அளவில் கல்லாலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். மாதிரிக்குள் மாதிரிக் கிராமமும் உண்டு, அதற்குள் இன்னொன்றும். பிள்ளைகளுக்கு அது போதும்.

பெரியவர்களுக்கு நான் சொல்வது, போர்ட்டனில் பேருந்தை விட்டு இறங்கி லோயர் ஸ்லாட்டருக்கு நடப்பது. சுமார் 2 கி.மீ., பெரும்பாலும் சமதளம், அரை மணி நேரம். ஓடையை ஒட்டி ஒரே வரிசையில் வீடுகள், கடைசியில் நீர்ச்சக்கரத்தோடு ஒரு பழைய மாவு ஆலை. ஸ்லாட்டர் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெட்டுக்கும் குத்துக்கும் சம்பந்தமில்லை, சேற்று நிலத்தைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் மேலே போனால் அப்பர் ஸ்லாட்டர். இரண்டு உலகப் போர்களுக்கும் இந்த ஊரிலிருந்து போன அத்தனை பேரும் உயிரோடு திரும்பினார்கள். இங்கிலாந்தில் அப்படிப்பட்ட ஊர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் செத்தவர்களின் பெயர் செதுக்கிய கல் ஒன்றைப் பார்த்துப் பழகிய பிறகு இங்கே வந்தால்தான் இதன் அருமை தெரியும்.

லண்டன் பேடிங்டனிலிருந்து மோர்ட்டன் இன் மார்ஷுக்கு நேரடி ரயில், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து 801 பேருந்து. செலவு ஒளிந்திருப்பது தங்குமிடத்தில்தான். மூன்றில் இதுதான் விலை கூடிய பகுதி. கோடை வார இறுதியில் ‘குறைந்தது இரண்டு இரவு’ என்று நிபந்தனை போடுவார்கள். பேருந்தை விட்டுவிட்டால் டாக்ஸியை முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும், கையைக் காட்டி நிறுத்த ஒன்றும் ஓடாது.

பக்கத்திலேயே பிபரி இருக்கிறதே, அந்த ஆர்லிங்டன் ரோ வீடுகள்? உண்மையிலேயே அழகு. 14ஆம் நூற்றாண்டில் ரோமக் கிடங்காகக் கட்டி, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாக மாற்றியது. ஆனால் அந்த வீடுகளில் ஆள் குடியிருக்கிறார்கள், அவர்களுடைய வாசலில் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் நிற்கிறது. காலை எட்டு மணிக்குப் போக முடிந்தால் போங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

## ஈடேல்

கார் இல்லையா? மேலே யோசிக்க வேண்டாம், ஈடேல்தான்.

மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே 1894இல் போட்ட ரயில் பாதை. மான்செஸ்டரிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல், ஷெஃபீல்டிலிருந்து அரை மணி. மான்செஸ்டர் பக்கமிருந்து வருவது இன்னும் விசேஷம். மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமான கௌபர்ன் குகைக்குள் ரயில் நுழையும். ஜன்னலில் நம் முகம்தான் தெரியும். ஃபோனில் சிக்னல் போய்விடும். குகை முடிந்ததும் இரு பக்கமும் மலை, நடுவே பச்சைப் பள்ளத்தாக்கு, சுவர் சுவராகப் பிரித்த வயல். அப்பா அதுவரை செய்தித்தாளில் இருந்தவர், மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் நடந்தே போகலாம். இரண்டு பப், ஒரு தேவாலயம், கொஞ்சம் வீடுகள், அவ்வளவுதான். 1965இல் திறந்த பென்னைன் வே என்ற நெடுநடைப் பாதை இங்கிருந்துதான் புறப்படுகிறது. ஸ்காட்லாந்து எல்லை தாண்டும் வரை 268 மைல். முதுகில் கூடாரம் கட்டிக்கொண்டு முதல் நாள் உற்சாகத்தோடு கிளம்புகிறவர்களை ஊர்முனையில் நின்று பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு.

ஊருக்கு மேலே கின்டர் ஸ்கௌட், 636 மீட்டர். 1932 ஏப்ரல் 24 அன்று, வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த இந்த மலைமேல் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர் இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1951இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக இந்தப் பகுதியைத்தான் அறிவித்தார்கள். திறந்த மலைநிலத்தில் யாரும் நடக்கலாம் என்ற சட்டம் 2000இல் வந்தது.

இதை அப்பாவிடம் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. ஊர் எல்லையில் ஒரு பண்ணை வாசல். பாதை நேராக அதற்குள் போகிறது. கேட்டைத் திறக்கப் போனால் அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். “ஏலே, அடுத்தவன் வயக்காட்டுக்குள்ள கேக்காம போவலாமா?” கேட்டில் மஞ்சள் அம்புக்குறி போட்ட சின்னத் தகடு இருந்தது, காட்டினேன். மஞ்சள் அம்பு இருந்தால் அது பொது நடைபாதை, நடப்பது நம் உரிமை. குதிரைப் பாதை முதலான மற்ற பொது வழிகளையும் சேர்த்தால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 2,25,000 கி.மீ. பாதை இருக்கிறது. அப்பா கேட்டார், நடந்தார், ஆனால் அந்த வயலைத் தாண்டும் வரை யாராவது வருகிறார்களா என்று வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். திறந்த கேட்டை மறக்காமல் சாத்தியதும் அவர்தான்.

குறை என்ன? ஈடேலில் நல்ல நடை எல்லாமே ஏற்றம். மாம் டார் உச்சி 517 மீட்டர். மேலே கல் பாவிய பாதை, காற்று ஆளைத் தள்ளும், ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டாவது பெரும்பாலோர் ஏறிவிடலாம். அங்கிருந்து அந்தப் பக்கம் இறங்கினால் காஸ்ல்டன் என்ற அடுத்த ஊர். போகிற வழியில், மலை சரிந்து சரிந்து 1979இல் கைவிட்ட பழைய தார்ச்சாலை துண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்க்கலாம். கின்டர் மேட்டுநிலம் வேறு கதை. கரிச்சேறு, திடீர்ப் பனிமூட்டம், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. வரைபடம் பார்க்கத் தெரியாமல் அங்கே போகக் கூடாது. ஃபோனில் சிக்னலை நம்ப முடியாது. ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நிறுவனத்தின் வரைபடத்தில் ஓஎல்1 எண் தாளை வாங்கிப் பையில் வையுங்கள்.

மழை நாளில் ஈடேல் ஊருக்குள் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் காஸ்ல்டனில் குகைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குள் படகில்தான் போக வேண்டும். ப்ளூ ஜான் என்ற நீல மஞ்சள் கல் வெட்டிய சுரங்கங்களும் பார்க்கலாம். டிக்கெட் மலிவில்லை. நான்கு பேருக்குக் கணக்குப் போட்டால் ரயில் செலவை எட்டிவிடும். இதுதான் இந்த ஊரின் ஒளிந்த செலவு, அதுவும் மழைக்குத் தகுந்தபடி.

## மாலம்

எழுத்தில் மால்ஹாம், வாயில் மாலம். என் ஓட்டு இதற்குத்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால் இந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

ஊரிலிருந்து ஒரு மைலுக்குள் மாலம் கோவ். சுமார் 80 மீட்டர் உயரம், 300 மீட்டர் அகலம், அரைவட்டமாக வளைந்த வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைச் சுவர். பனிக்காலம் முடிந்து பனி உருகியபோது இதன்மேல் அருவி கொட்டியது. பிறகு நீர் பாறைக்குள் இறங்கிவிட்டது. 2015 டிசம்பரில் பெரும்புயல் மழையில் ஒரே ஒருநாள் மறுபடி மேலிருந்து கொட்டியபோது பார்க்க ஊரே கூடியது. இப்போது பாறையின் அடியில் ஒரு பிளவிலிருந்து சத்தமில்லாமல் ஓடை கிளம்புகிறது. மேலே ஏரிப் பக்கம் மண்ணுக்குள் மறைகிற ஓடையும் இதுவும் ஒன்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். சாயம் கலந்து பார்த்ததில், அந்த நீர் ஊரைத் தாண்டித் தெற்கே வேறொரு ஊற்றில் வெளிவருகிறது. நிலத்துக்கடியில் இரண்டும் ஒன்றையொன்று கடந்து போகின்றன.

கோவின் அடிவாரம் வரை பாதை சமதளம். அம்மாவால் நடக்க முடிந்தது. மேலே ஏற ஏறத்தாழ 400 கல் படிகள். அம்மா கீழே ஓடைக்கரையில் உட்கார்ந்துகொண்டார், நானும் அப்பாவும் ஏறினோம். உச்சியில் நிலம் என்பது வெறும் பாறைப் பாளங்கள், நடுநடுவே முழங்கால் ஆழத்துக்கு வெடிப்பு. வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தால் காற்றுப் படாத இடத்தில் பெரணி முளைத்திருக்கும். ஈரமாக இருந்தால் பாளம் வழுக்கும், கால் வெடிப்புக்குள் போனால் எலும்பு முறியும். மழை விட்ட மறுநிமிடமே ஏறாதீர்கள்.

இன்னொரு பக்கம் ஒன்றரை கிலோமீட்டரில் ஜேனட்ஸ் ஃபாஸ் என்ற சின்ன அருவி. மே மாதம் போனோம். மரங்களுக்கடியில் தரை முழுக்க வெள்ளைப் பூ. அம்மா நின்று மூக்கை உறிஞ்சினார். “யாரோ பூண்டு உரிச்சுப் போட்டிருக்காவ.” உரித்தது யாருமில்லை, அந்தப் பூக்கள் எல்லாமே காட்டுப்பூண்டு. கொஞ்சம் தள்ளி விழுந்து கிடந்த மரத்தில் ஆயிரக்கணக்கில் காசை அடித்துச் சொருகியிருந்தார்கள், வேண்டுதல் போல. அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பர்ஸைத் திறந்து ஒரு காசை எடுத்து, பொருத்தமான கல்லைத் தேட ஆரம்பித்தார். அருவிக்கரையிலேயே உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். அங்கிருந்து கோர்டேல் ஸ்கார் பள்ளத்தாக்கு, கோவ், ஊர் என்று சுற்றி வந்தால் 8 கி.மீ.; நடக்கிறவர்களுக்கு அரைநாள்.

சங்கடம் போக்குவரத்து. லீட்ஸிலிருந்து ஸ்கிப்டனுக்கு முக்கால் மணி நேர ரயில், அதுவரை சுகம். ஸ்கிப்டனிலிருந்து மாலத்துக்குப் பேருந்து நாளைக்குச் சில தடவைதான், அதுவும் வார நாளுக்கு ஒரு அட்டவணை, வார இறுதிக்கு ஒன்று. முதல் முறை நான் பழைய அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போய், ஒன்றரை மணி நேரம் நிழற்குடையில் நின்று, கடைசியில் டாக்ஸிக்குக் கொடுத்த காசில் ஒரு ராத்திரி தங்கியிருக்கலாம். தப்பு என்னுடையதுதான்.

காரில் வந்தால் வேறு கணக்கு. இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் விருந்தினர் இங்கே 12 மாதம் வரை ஓட்டலாம், ஓட்டுவதும் நம் ஊர் போல இடது பக்கம்தான். ஆனால் கடைசி சில மைல் இரண்டு கற்சுவருக்கு நடுவே ஒரு வண்டி அகலம். எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் போக வேண்டியது நீங்கள்தான். வாடகைக் காரில் கியர் வண்டிதான் மலிவு. ஆட்டோமேட்டிக்குக் கூடுதல் காசு. சுவரில் உரசினால் உங்கள் பங்காகக் கட்ட வேண்டிய தொகை நூற்றுக்கணக்கான பவுண்டுக்குப் போகலாம், முன்பதிவிலேயே அதைப் படித்துவிடுங்கள். ஞாயிறு பத்து மணிக்கே வாகன நிறுத்தம் நிரம்பிவிடும்.

## ஒரு பார்வையில்

| | லோயர் ஸ்லாட்டர் | ஈடேல் | மாலம் |
|---|---|---|---|
| கார் இல்லாமல் | முடியும், பேருந்து நேரம் பார்க்கணும் | மிக எளிது | சிரமம் |
| முழங்கால் வலி உள்ளவருக்கு | நல்லது | ஏற்றம் அதிகம் | பாதி பார்க்கலாம் |
| மழை நாள் | கடை, தேநீர், மாதிரிக் கிராமம் | காஸ்ல்டன் குகைகள் | பப், அல்லது நனைவது |
| மாலை ஐந்துக்கு மேல் | அமைதி, ஆனால் விலை | நடைக்காரர் கூட்டம் | ஆடு, ஓடை, வெளிச்சம் |
| எதிர்பாராத செலவு | தங்குமிடம் | குகை டிக்கெட் | டாக்ஸி அல்லது கார் |

## மூன்றுக்கும் பொதுவாகச் சில

சாப்பாட்டில் மூன்றும் ஒன்றுதான். பப்பில் சைவம் இருக்கும், பெரும்பாலும் சீஸோ காளானோ. முட்டை இல்லையா என்று தனியாகக் கேளுங்கள். கவனிக்க வேண்டியது நேரம். பப் பதினொரு மணி வரை திறந்திருக்கலாம், அடுப்பு எட்டரைக்கே அணைந்துவிடும். வெளிச்சம் இருக்கிறதே என்று ஒன்பது மணிக்குப் பசியோடு நுழைந்து இரண்டு பாக்கெட் உருளை சிப்ஸில் ராத்திரியைக் கழித்திருக்கிறோம். அறையில் கெட்டில் மட்டும் இருக்கும். அவல், ஊறுகாய், உடனடி உப்புமா பாக்கெட் எடுத்துப் போனால் நிம்மதி.

ரயிலில் போகிறவர்கள், பெற்றோருக்கு 60 வயது ஆகியிருந்தால், சீனியர் ரயில்கார்டு எடுத்துவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. பாஸ்போர்ட் காட்டி வாங்கலாம், இந்த நாட்டில் குடியிருக்க வேண்டியதில்லை. லண்டனிலிருந்து ஒருமுறை போய் வந்தாலே கார்டு காசில் ஒரு பகுதி திரும்பிவிடும்.

வயலில் மாடு கன்றோடு நின்றால் நடுவே போகாமல் ஒதுங்கிப் போங்கள். நம் ஊர் மாடு போல தட்டிக்கொடுத்துப் போகலாம் என்று அப்பா நினைத்தார். இங்குள்ள மாடு மனிதரோடு பழகியதல்ல.

சரி, ஒரே வரியில் கேட்டால்: லண்டனில் இருந்துகொண்டு, அதிகம் நடக்க முடியாத பெரியவர்களோடு என்றால் லோயர் ஸ்லாட்டர், ஒரு ராத்திரி. கார் இல்லாத இளம் ஜோடி, மாணவர்கள் என்றால் ஈடேல். காலை போய் மாலை திரும்பினாலும் பழுதில்லை. காரும் இரண்டு நாளும் இருந்தால் மாலம். வாகனம் இல்லாமல் மாலம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஸ்கிப்டனில் தங்கி, அன்றைய பேருந்து நேரத்தை அன்று காலையே பார்த்துவிட்டுப் போங்கள்.

மே மாதம் அம்மா மறுபடி வருகிறார். மாலத்தில் இரண்டு இரவு எடுத்தாச்சு, செவ்வாயும் புதனும். போன முறை அடித்த காசு மரத்தில் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.